ஆல்பத்துக்கு நூறு ரூபாய்

ஜூலை 3, திங்கள்

இன்ஷூரன்ஸ்காரர்கள் கடிதம் வந்துவிட்டது, கிளைம் நம்பர் போட்டுவிட்டார்கள், ஆல்பத்துக்கும் விலை போட்டுத் தரப்போகிறார்கள், இனிமேல் பேச்சி என்னோடு பேசுவாள்!!!

காலையிலிருந்து காற்று. காயப்போட்ட துணியெல்லாம் புழுதி. கீபோர்டில் கரிசல் மண், ஸ்பேஸ் பாரை அழுத்தினால் நறநறவென்கிறது.

கடிதத்தை வாங்கிய அம்மா, கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். மத்தியானம்தான் பார்த்தேன். குதித்ததில் டம்ளர் உருண்டது.

போன மாதம் இதே நாள், கோலாலம்பூர். த.-வின் பாட்டுக் கச்சேரி (தலைவர் என்று ஒவ்வொரு தடவையும் எழுதக் கை வலிக்கிறது, த. போதும்). சித்தப்பா, சித்தி, நான். மூன்று பேரும் போய்ச் சேர்ந்தோம். என் சிவப்புப் பெட்டி மட்டும் போய்ச் சேரவில்லை. இன்றுவரை இல்லை.

அதற்குள்தான் ஆல்பம். ஆறாம் வகுப்பில் ஆரம்பித்து ஒன்பது வருஷம் நானும் பேச்சியும் சேர்ந்து த. படங்களும் பாட்டுகளுமாக ஒட்டியது. பத்தாவதோடு அவள் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போய்விட்டாள், ஆனாலும் ஒட்டுவதை விடவில்லை. பசைகூட அங்கே லேபிள் ஒட்டுகிற பசைதான், தூக்குச்சட்டியில் கொண்டுவருவாள். "த. கையெழுத்து வாங்கிட்டு அப்படியே கொண்டாந்து தாரேன்" என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணி வாங்கிப்போனேன்.

திரும்பி வந்தபோது அவள் கேட்டது ஒரே கேள்வி. "கைப்பையில வெக்கலியா?"

வைக்கவில்லை. கைப்பையில் கடலை மிட்டாய். கோலாலம்பூர் சொந்தக்காரர்களுக்கு அஞ்சு கிலோ. சித்திதான் சொன்னாள்: "பெட்டியில போட்டா நொறுங்கிரும்ட்டி. பேப்பர் என்ன நொறுங்கவா போவுது?" நானும் மாற்றி வைத்தேன். கடலை மிட்டாய் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு துண்டு உடையவில்லை.

அன்றிலிருந்து பேச்சி பேசுவதில்லை.

கடிதத்தில் கேட்டிருப்பது: பெட்டியில் இருந்த சாமான் லிஸ்ட். எப்போது வாங்கியது, என்ன விலை. ஒரிஜினல் பில். பெட்டி வரவில்லை என்று ஏர்போர்ட்டில் எழுதிக் கொடுத்த பாரத்தின் காப்பி. சாமான் இருந்ததற்கு ஏதாவது ஆதாரம்.

எல்லாம் கொடுப்பேன். காசுக்கு இல்லை. அது குப்பை இல்லை, இவ்வளவு பெறும் என்று ஒரு கம்பெனி சீல் போட்டுச் சொல்லட்டும். அந்தத் தாளைக் கொண்டுபோய் பேச்சி கையில் கொடுப்பேன்.

ஜூலை 4, செவ்வாய்

காற்று. கரண்ட் பத்து முதல் ஒன்று வரை இல்லை. தலைக்கு எண்ணெய்.

பாலிசி போட்டுக் கொடுத்த ஜெயராஜ் அண்ணாச்சி வந்தார். இரண்டு காப்பி குடித்தார். லிஸ்டைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தார்.

சுடிதார் இரண்டு செட், வாங்கி இரண்டு வருஷம்: பாதி விலை.
செருப்பு: "அதெல்லாம் எழுதாத பாப்பா, சிரிப்பாவ."
கேமரா: பில் இருந்தால் உண்டு. பில் அப்பா பீரோவில் இருக்கும். இருக்கணும்.
சித்தியின் பட்டு: கடையில் கொடுத்தது பில் இல்லை, வெள்ளைத் துண்டுச்சீட்டு. தொகை மட்டும் இருக்கிறது, கடை பேரே இல்லை. போச்சு.

"வாங்குன வெல வேற, தொலஞ்ச அன்னைக்கு அது என்ன பெறும்ங்கது வேற பாப்பா. அவிய ரெண்டாவதத்தான் பாப்பாவ."

"ஆல்பத்துக்கு அண்ணாச்சி?"

"கையால எழுதுனது, ஒட்டுனது, போட்டோ, இதுக்கெல்லாம் வெத்துக் காயிதத்து வெலதான்."

"ஒன்பது வருஷம் அண்ணாச்சி!"

"ஒம்பது வருசம்னா தேய்மானம் இன்னும் கூடும்லா?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கால்குலேட்டரை எடுத்துவிட்டார்.

அழுகையாக வந்தது. அம்மா உள்ளே போகச் சொன்னாள். போகவில்லை. கடைசியில் அவரே இரக்கப்பட்டார்: "யாராவது செஞ்சு குடுத்தாவன்னா கூலிச் சீட்டு ஒண்ணு வெச்சுப் பாரு. எழுத்துக் கூலி, ஒட்டுன கூலி. குடுப்பாவன்னு சொல்லல. கேட்டுப் பாக்கலாம்."

கூலிச் சீட்டு! பேச்சி கையெழுத்துப் போட்டால் போதும். அவள் பேரும் கம்பெனி ஃபைலில் ஏறும். ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

ஜூலை 6, வியாழன்

பிரவுசிங் சென்டர். மூன்று மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் பக்கம் திறக்கக் காத்திருந்ததே.

ஆல்பம் இருந்ததற்கு ஆதாரம் என் கையிலேயே இருக்கிறது! இரண்டு வருஷமாக நான் ஸ்கேன் பண்ணி த. ரசிகர் குழுவில் போட்ட பக்கங்கள். பதினாலு. எல்லாவற்றையும் இறக்கி கலர் பிரிண்ட். பேப்பர் பளபள.

நன்றாகத்தான் பண்ணியிருக்கிறேன். யாரும் சொல்லித்தராமல் நானே கற்றுக்கொண்டது. வெளிச்சம் ஏற்றினது, மடிப்பை அழித்தது, குறுக்கே சாய்வாக என் ஐடி. ஓரத்தில் பேச்சி பச்சை மையில் கிறுக்கியிருப்பாள், எந்தப் பாட்டை எங்கே வைத்துக் கேட்டாள் என்று. அவள் வீட்டில் டேப் கிடையாது. ஸ்கேனில் அது கோணல்மாணலாகத் தெரிந்ததால் அப்போதே கிராப் பண்ணிவிட்டேன்.

பெட்டி தொலைந்ததைப் போன மாதமே குழுவில் போட்டிருந்தேன். இன்றைக்குத்தான் பதில்களை முழுதாகப் படித்தேன். "உங்க ஒன்பது வருஷ உழைப்பு சிஸ்டர், மனசு வலிக்குது." "தலைவரோட நம்பர் ஒன் ரசிகை நீங்கதான்." இருபத்தாறு பேர். இரண்டு தடவை படித்தேன்.

சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்குப் போய் ஏர்போர்ட் பாரம் காப்பி. கவரில் போட்டு ஒட்டி வைத்திருந்தார். அப்படியே ஃபைலில் வைத்தாச்சு.

வாங்கவேண்டியது: ரெவின்யூ ஸ்டாம்ப் 2, பச்சை ரீபிள் 1 (பேச்சிக்கு).

ஜூலை 9, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

பேச்சியின் ஊர் எப்போதும்வென்றானுக்கு பஸ். ஜன்னல் கண்ணாடி ஏறவில்லை, முகமெல்லாம் மண். பேச்சிக்கு லீவு. வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, தெளித்து முடித்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"வா" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை. எனக்கு அதுவே போதும் போலிருந்தது.

மூச்சு விடாமல் சொன்னேன். கம்பெனி, தேய்மானம், கூலிச் சீட்டு. மோர் கொண்டுவந்த அவள் அம்மா கேட்டாள்: "எழுதுனதுக்குக் கூலியா? நெசமாவா சொல்லுத?"

பேச்சி சிரித்தாள். "தெனம் தீப்பெட்டி ஒட்டுதேன், அதுக்கே ஒழுங்கா குடுக்க மாட்டுக்காவ." ஆனால் கையை நீட்டினாள். "எங்கன போடணும்? ஃபைலக் குடு. வாசிக்காம கையெழுத்துப் போடக் கூடாதுன்னு சூபர்வைசர் அண்ணாச்சியே சொல்லிருக்காவ."

பிரிண்டுகளைத்தான் முதலில் எடுத்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பினாள். முன்னால், பின்னால். பின்னால் வெறும் வெள்ளை.

"என் எழுத்து எங்கட்டி?"

"ஸ்கேன்ல சரியா விழல..."

"எல்லாத்துலயுமா? கட்டம் கட்டுனாப்ல ஓரத்த நேரா வெட்டில்லா இருக்கு." விரலை வைத்தாள். "இது யாரு பேரு?"

"என் ஐடி. நெட்ல யாரும் திருடிரக் கூடாதுன்னு..."

"ஓ."

பிறகு அந்த ஏர்போர்ட் பாரக் கவர். நான் பிரித்துப் பார்க்காத கவர். இங்கிலீஷ் பெரிய எழுத்தில் சித்தப்பா கை. பேச்சி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"ஓல்ட். பேப்பர். ஒன் ஹண்ட்ரட். இது ஆல்பந்தான?"

கீழே என் கையெழுத்து. பெட்டி என் பேரில் இருந்ததால் நான் போட வேண்டியிருந்தது. கச்சேரிக்கு நேரமாகிவிட்டது, கார் நின்றுகொண்டிருந்தது, படிக்கவில்லை. அதைத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது.

அவள் அம்மா, "என்னட்டி, நூறு ரூவா தாராவளா?" என்றாள் உள்ளேயிருந்து.

"ஆமாம்மா. பழைய பேப்பர்க்காரன் இதுக்கு இவ்வளவு தரமாட்டான்." என்னைப் பார்த்தாள். "உங்க சித்தப்பா நூறாவது போட்டாரு. நீ அதுவும் போடல."

கூலிச் சீட்டை நாலாக மடித்து ஃபைலுக்குள் வைத்துக் கொடுத்தாள். கிழிக்கவில்லை. கிழித்திருக்கலாம்.

"கடைசி பஸ் அஞ்சரைக்கு. மோரக் குடிச்சிட்டுப் போ."

பச்சை ரீபிளைக் கொடுக்கவில்லை. பையிலேயே இருக்கிறது.

ஜூலை 10, திங்கள்

சித்தப்பா லாரி செட்டில் புக்கிங் பார்ப்பவர். அங்கேயே போய்க் கேட்டேன், ஆட்கள் இருக்கும்போதே.

"ஏன் சித்தப்பா நூறுன்னு எழுதினீங்க?"

"ஏட்டி, கூட்டிப் போட்டா கஸ்டம்ஸ்காரன் டூட்டி கட்டுன்னு சொல்ல மாட்டானா? வெலய எப்பவும் கொறச்சுத்தான் எழுதணும். இந்தா பாரு." பக்கத்தில் கிடந்த பில் புக்கைத் திருப்பிக் காட்டினார். "இதுல எதாவது ஒண்ணு நெச வெலயா? லாரி செட்டுக்காரங்க எல்லாம் இப்படித்தான் எழுதுதோம், முப்பது வருசமா."

"தொலைஞ்சா?"

"தொலயாதுலா."

"தொலஞ்சிட்டே சித்தப்பா!"

பண்டல் ஏற்றிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். சித்தப்பாவுக்குக் கோபம். "பழைய பேப்பருக்கு இந்தப் பாடா? அதுல பவுனா ஒட்டி வெச்சிருந்த? நான் வேணா புதுசா ஒரு நோட்டு வாங்கித் தாரேன், போ."

நல்ல மனுஷன். நிஜமாகவே வாங்கித் தருவார். அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 13, வியாழன்

காற்று நின்றுவிட்டது. புழுக்கம். ஃபைலை அனுப்பும் முன் சென்னை ஆபீஸுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன். பூத்துக்குள் ஃபேன் இல்லை.

ஒரு பெண் பேசினார். மரியாதையாகத்தான். கேமராவுக்கு பில் இருக்கிறது, தேய்மானம் போகக் கிடைக்கும். சுடிதார் பாதி. ஆல்பம்?

"ஏர்லைன்ஸ் அவங்க காப்பிய எங்களுக்கே அனுப்பிட்டாங்க மேடம். நீங்களே பழைய பேப்பர், நூறுன்னு எழுதி கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. அதுக்கு மேல நாங்க எப்படிப் போக முடியும்? பழசு, தேய்மானம் போக அதுலயும் ஒண்ணும் வராது."

"அது தப்பு மேடம். எங்க சித்தப்பா எழுதினது."

"கையெழுத்து உங்களதுதானே?"

ஆமாம் என்றேன். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து நேராக பிரவுசிங் சென்டர். பழைய மெயில் எல்லாம் தோண்டினேன். எதற்கென்று தெரியாமல்தான். கடைசியில் ஒன்று. முதல் முதலில் ஸ்கேன் பண்ணியது, கிராப் பண்ணத் தெரியாத நாளில் எனக்கு நானே அனுப்பிப் பார்த்தது. பக்கம் கோணலாக, பசைக்கறை, என் கட்டை விரல் நிழல். ஓரத்தில் பச்சை.

"ஆபீஸ் ரேடியோ. சாப்பாட்டு மணிக்கி முன்னால. பாதிப் பாட்டுதான், கரண்ட் போச்சி. மீதிய ரெண்டு மாசம் கழிச்சி கயத்தாறுல டீக்கடையில கேட்டேன். பஸ்ஸ விட்டுட்டேன்."

நான் வீட்டில் சிடி வாங்கிக் கேட்டேன். எந்த நாள் என்றுகூட ஞாபகமில்லை.

குழுவில் போட எழுதியது. பத்துத் தடவை அடித்து அழித்து, இப்போதுதான் அனுப்பப் போகிறேன். அப்படியே இங்கேயும்:

"எல்லாருக்கும் வணக்கம். அந்த ஆல்பம் என் உழைப்புன்னு சொன்னீங்க. இல்லீங்க. பாதிக்கு மேல எப்போதும்வென்றான் பேச்சியம்மாளோடது. அவ எழுத்த வெட்டிட்டு என் பேரப் போட்டது நான்தான். முதல் வருஷம் ஒழுங்கா வெட்டத் தெரியாதப்போ சில பக்கத்த அப்படியே சில பேருக்கு மெயில்ல அனுப்பின ஞாபகம் இருக்கு. யார்கிட்டயாவது அது கிடக்கா? பழைய கம்ப்யூட்டர், சிடி, எதுலயாவது? மங்கலா இருந்தாலும் பரவாயில்ல, கோணலா இருந்தாலும் பரவாயில்ல. இத உங்க ஃபிரண்ட்ஸ் எல்லாருக்கும் அனுப்புங்க, தேடச் சொல்லுங்க. கிடைச்சா எனக்கு அனுப்புங்க. ஓரத்துல பச்சை மையில எழுதியிருக்கும். தயவுசெஞ்சு அத மட்டும் யாரும் வெட்டிராதீங்க."