துவக்கெண்ணெய்

அன்போடும் அதைவிடக் கூடிய கோபத்தோடும், அப்பாவுக்கு,

உங்கள் துவக்கை நாளை பொலிசில் ஒப்படைக்க வேண்டும். லைசன்ஸ் உங்கள் பெயரில் இருந்தது, நீங்கள் இல்லை. "அப்பா வச்சிருந்த மாதிரியே குடு பிள்ளை" என்றார் அம்மா. நீங்கள் போன எட்டு மாதத்தில் உப்புக்காற்று குழலில் மூன்று இடங்களில் துருவை ஏற்றிவிட்டது.

தோட்டா இல்லையென்று இரண்டுதரம் பார்த்துவிட்டுத்தான் தொட்டேன். முதல் துருவை இரும்புப் பஞ்சால் தேய்த்து, துடைத்து, உங்கள் போத்தலில் இருந்த நீல மருந்தைப் பூசினேன். வெளுத்த இரும்பு சாம்பலாகி, பிறகு மெல்லக் கருநீலமானது. அழகாகத்தான் இருந்தது. அதுவே எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

கப்பல்துறைத் தோட்டத்தில் பன்றி கலைக்கவென்று வாங்கிய துவக்கு. நானறிய இரண்டு தரம் வெடித்தது, இரண்டும் வானத்தைப் பார்த்து. ஆனாலும் ஞாயிறு தவறாமல் கண்ணாடி போட்டுக்கொண்டு அதற்கு எண்ணெய் தடவிப் பார்ப்பீர்கள். "துரு பொட்டா இருக்கேக்கையே பிடிச்சுப்போட வேணும், பிள்ளை. பிறகு தின்னத் தொடங்கிடும்."

இவ்வளவு தெரிந்த மனிதர் பெருவிரல் புண்ணை ஆறு கிழமை ஏன் மறைத்தீர்கள்? லிங்கநகர் வெக்கையில் வீட்டுக்குள் சொக்ஸ் ஏன் என்று கேட்டேன். "நுளம்பு கடிக்குது. சீனி வருத்தக்காரன்ர ரத்தம் இனிப்பெல்லோ" என்றீர்கள். நானும் சிரித்தேன். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு காலை. பிறகு நீங்களே போனீர்கள்.

இன்று உங்கள் துவக்குச் சாமான் பெட்டியின் அடியில் ஒரு தகர ரின் இருந்தது. உள்ளே இரத்தம் காய்ந்த பஞ்சுகள். துவக்கெண்ணெய் மணத்தது. குசினிக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினேன்.

"ஓம், அதைத்தான் பூசினவர். தண்ணி படாமக் காக்குமாம்."

"உங்களுக்குத் தெரியுமா அம்மா?"

"உனக்குச் சொல்ல வேண்டாமெண்டவர். சொன்னா நீ கிளினிக், கிளினிக் புத்தகமெண்டு விடமாட்டியாம்."

ஓம், விட்டிருக்க மாட்டேன். அதற்குத்தானே ஒரு மகள்? என் வாய்க்குப் பயந்து உயிரை விடுகிற அளவுக்கு நான் உங்களை என்ன செய்தேன்?

அம்மாவின் கால் சேலைக்குள் மெல்ல இழுபட்டது. அவருக்கும் சீனி வருத்தம்.

"காலைக் காட்டுங்கோ."

"அது ஒண்டுமில்லை. செருப்பு வெட்டினது."

குனிந்து பிடித்து இழுத்தேன். குதிக்காலில் ஒரு ரூபாய்க்குற்றியளவு புண், விளிம்பு கறுத்திருந்தது. அதிலும் அதே எண்ணெய் மணம்.

"அவற்ற எண்ணெய்ப் போத்தலில கொஞ்சம் மிச்சமிருந்தது" என்றார். அவ்வளவு சாதாரணமாக.

இதை ஆஸ்பத்திரி மர வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே அம்மாவுக்கு மருந்து கட்டுகிறார்கள். "நல்ல காலம், இப்ப கொண்டுவந்தீங்கள். ஒண்டைவிட்டொருநாள் கட்டாயம் வரவேணும்" என்றார் டொக்டர். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபிக்கட்டும்.

குழலில் இன்னும் இரண்டு இடங்கள் துருவோடு கிடக்கின்றன. நாளை அப்படியே போகும். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். உங்களை மன்னிக்க இப்போதைக்கு ஏலாது.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். தினமும் அம்மாவின் இரண்டு பாதங்களையும் பார்ப்பேன். ஏசினாலும் பார்ப்பேன், அழுதாலும் பார்ப்பேன். உங்களிடம் மரியாதைக்காக ஒரு கேள்வியோடு நிறுத்தினேன். அந்த மரியாதை இனி இந்த வீட்டில் இல்லை.

நீங்கள் சொல்லாமல் விட்ட,
உங்கள் மகள்