கல்லை அளந்தவன்

அன்புள்ள எர்மெலிந்தா, உன் முதுகுவலி குறைந்ததா? பிள்ளை சரியாகச் சாப்பிடுகிறாளா? நான் சுகமாக இருக்கிறேன்.

இங்கே காவல் வேலையில் ஒரு சின்ன வேடிக்கை. பழைய நகரத்தைப் பார்க்க வந்த ஒருவன் கோயில் பக்கமே போகவில்லை. மழையில் பெயர்ந்து விழுந்த, ராஜா முகம் செதுக்கிய கல்லைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தான். சந்தேகப்பட்டு அருகில் போய் நின்றேன்.

"ராத்திரி காவலுக்கு எத்தன பேர்ண்ணே?"

"பத்துப் பேர். துப்பாக்கியும் இருக்கு" என்றேன். உண்மையில் நானும் பாசிலியோவும் மட்டும்தான்.

அவன் சிரித்தான். "உங்க சம்சாரம் கோபான் ஊர்ல பிள்ளையோட தனியா இருக்காங்களாமே?"

அதை நான் பாசிலியோவிடம் மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

உடனே அதிகாரியிடம் சொல்லி, கல்லை அறைக்குள் வைத்துப் பூட்டினோம். கல்லைத் தூக்க வந்த பாசிலியோ கேட்டான்: "சாவி யாருகிட்டடா இருக்கும்?"

வியர்வை துடைக்கப் பிள்ளையின் பழைய சட்டை ஒன்று அனுப்பு. இங்கே நல்ல துணி கிடைப்பதில்லை.

அடுத்த வாரம் பாசிலியோ விடுப்பில் அந்தப் பக்கம் வருகிறான். என் பெயரைச் சொல்லித் தட்டினாலும் கதவைத் திறக்காதே. இல்லை, அதற்கு முன்பே உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடு. பயப்பட ஒன்றுமில்லை.

கடிதம் கொண்டுபோகும் லாரி கிளம்புகிறது.
உன் எவுசேபியோ