நீ குப்பை என்று எழுதிய சிடி

பழைய ஆன்டெனாப் பெட்டியை விற்பதற்காக இன்று திறந்தேன். காய்ந்த ரப்பர் நாற்றத்துக்கு நடுவே அந்த சிடி கிடந்தது. மேலே கறுப்பு மார்க்கரில் உன் கையெழுத்து: குப்பை. நீ போய் ஒரு வருஷமாகியும் எழுத்து மங்கவில்லை.

உன் இரங்கல் கூட்டத்தில் போட்டி போட்டுக்கொண்டு புகழ்ந்தார்கள். 'ஒரு சென்டிமீட்டர் தப்பாத சர்வேயர்' என்றார் ஒருவர். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அவிநாசியில் நாம் இருவரும் சர்வே ஆபீஸ் வைத்திருந்த காலம். ரோடு அகலப்படுத்தும் வேலைக்காகப் பொன்னாத்தாள் என்ற அம்மாவின் நிலத்தோரம் இரண்டு மாதம் ஜிபிஎஸ் ஆன்டெனா நட்டிருந்தோம். பக்கத்துச் சாயப்பட்டறை ஞாயிறுதோறும் கழிவுத் தண்ணீரைத் தரிசில் திறந்துவிடுகிறது, கிணறு கெடுகிறது என்று அந்த அம்மா மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருந்தார். அதிகாரிகள் வெள்ளிக்கிழமைதான் வருவார்கள். அதற்குள் சித்திரை வெயிலில் மண் காய்ந்து கிடக்கும். ஆதாரம் கேட்டுவிட்டு ஜீப் ஏறிவிடுவார்கள்.

ஆதாரம் நம்மிடம் இருந்தது. செயற்கைக்கோள் சிக்னல் ஆன்டெனாவுக்கு நேராகவும் வரும், தரையில் பட்டுத் தெறித்தும் வரும். தெறித்து வருவது அளவைக் குழப்பும் என்று கழித்துவிடுவோம். ஆனால் மண் நனைந்தால் அந்தத் தெறிப்பு மாறும். மழையே இல்லாத எட்டு ஞாயிறும் அது மாறியிருந்தது. வரைபடமாக்கி உன்னிடம் காட்டி, சிடியில் போட்டு உன் மேஜையில் வைத்தேன்.

"மாப்ள, இது மல்டிபாத், வெறும் தெறிப்பு. அழிச்சுப்போடு," என்றாய். மார்க்கரை எடுத்து எழுதிக் கூடையில் எறிந்தாய்.

பட்டறைக்காரர் தன் புதுக் கட்டடத்துக்கு நிலம் அளக்க நம்மைத்தான் கூப்பிட்டிருந்தார். அதைச் சொல்லியிருந்தால்கூட உன்மேல் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். அதற்கும் தைரியம் இல்லாமல் அறிவியலை இழுத்தாய் பார், அதுதான் இன்றைக்கும் குமட்டுகிறது. இன்று அதே குப்பையைக் கொண்டுதான் உலகமெங்கும் மண் ஈரம் அளக்கிறார்கள். உனக்குத் தெரியாமலா? அந்த வரைபடத்தை நீ பார்த்த பார்வையை நானும் பார்த்தேன்.

ஆன்டெனாவைக் கழற்றப் போன அன்று பொன்னாத்தாள் மோர் கொண்டுவந்தார்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம தண்ணி வந்தது உங்க மிசினுக்குத் தெரிஞ்சுச்சுங்களா?"

நீ காருக்குள் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இல்லீங்க," என்றேன்.

"போச்சாது உடுங்க. மிசினுக்கு வாயா இருக்குது?"

அடுத்த வருஷம் அவர் நிலத்தை அதே பட்டறைக்காரருக்கு விற்றுவிட்டு, வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு நூல் பிசிர் வெட்டப் போனார்.

ஆன்டெனாவை வாங்கியவர் எடுத்துப் போய்விட்டார். சிடி மட்டும் என்னிடம் இருக்கிறது. கூடையிலிருந்து அதைப் பொறுக்கி வைத்ததைப் பெரிய வீரமாக நினைத்திருந்தேன். உன்னைத் திட்ட உட்கார்ந்தால் ஒவ்வொரு முறையும் அந்த 'இல்லீங்க'வில் வந்து நிற்கிறேன். அதைச் சொன்னது நீ இல்லை.