பஷீர் பக்கத்துக் கம்ப்யூட்டர்கள்

ஐப்பசி, ஞாயிறு.

புத்தூர் இலவச டியூஷன் சென்டரில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நானும் நண்பர் பஷீரும்தான். ஆளுக்குப் பாதி. லினக்ஸில் பல வகை உண்டு; அவரவருக்குப் பிடித்த வகை.

இன்று மும்தாஜ் டீச்சர் தமிழ் டைப்பிங் பழகும் புரோகிராம் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுவந்தார். என் பக்கம் ஏறியது. பஷீர் பக்கம் ஏறவே இல்லை. பிள்ளைகள் எல்லோரும் என் பக்கம் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். சீ.

"ரெண்டும் லினக்ஸ்தானேங்க சார், அப்புறம் ஏன் இப்படி?" என்றார் டீச்சர்.

"அவங்கவங்க இஷ்டப்படி மாத்திக்கலாம்ங்க. அதான் இதுல இருக்கிற சுதந்திரம்."

"அந்தச் சுதந்திரம் உங்களுக்கா சார், பிள்ளைங்களுக்கா?"

பென்டிரைவைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறியதும் பஷீருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"எல்லாத்துலயும் ஒண்ணையே போட்டுடலாம் பாய்."

"நானும் அதான் நெனச்சேன். உங்க பக்கத்தையும் என்னோடதா மாத்திடறேன். அந்த புரோகிராம் இதுலயும் ஓட வழி இருக்கு."

சுருக்கென்றது. சரி என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அவருடையதும் நல்லதுதான், எனக்கே தெரியும். ஒன்றாக இருக்கட்டும் என்று சொன்னதும் நான்தான். அந்த ஒன்று என்னுடையதாக இல்லையென்றால் எனக்கு வேண்டாமா?