ஜெரோம் எழுதிய நாற்பத்தேழாம் பக்கம்

ஜூன் 10
செடி வளர்க்கும் அறையில் ஏசி நின்றுவிட்டது. முந்நூறு நாற்றுகள் துவள்கின்றன. என் கைடு பக்தவத்சலம் சார் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார். பொத்தேரி வெயிலில்! இவரெல்லாம் பேராசிரியர்.

ஜூன் 12
எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு வந்த ஒருவனை என் தலையில் கட்டிவிட்டார். ஜெரோம், புதுப்பட்டினம். கேளம்பாக்கத்தில் ஏதோ கம்பெனியில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது படிக்க வந்திருக்கிறானாம். என்னைவிட இரண்டு வயது பெரியவன். ஆனால் என்ன, நான் 'நீ' என்றுதான் பேசுகிறேன்.

"மெத்தில்னா இன்னா மேடம், பூட்டு மாரியா?" என்றான். பூட்டேதான். டி.என்.ஏ.வில் மெத்தில் ஒட்டினால் அந்த ஜீன் வாயை மூடிக்கொள்ளும். என் நாலு வருட ஆய்வே அதுதான். செப்டம்பரில் தீசிஸ் கொடுக்க வேண்டும்.

ஜூலை 3
ஜெரோம் ஐயா கண்டுபிடித்துவிட்டாராம்! ஒரு ஜீன், மெத்தில் ஒட்டியும் ஜோராக வேலை செய்கிறதாம். குறிப்பிட்ட ஒரு புரதம் இல்லாத செடியில், மெத்தில் அப்படியே இருக்க, அதே ஜீன் அடங்கிவிடுகிறதாம். அதாவது அந்தப் புரதம் மெத்திலை அடையாளம் கண்டு ஜீனை எழுப்புகிறதாம். அப்படியானால் என் தீசிஸ்?

"மூணு தபா பண்ட்டேன் மேடம். அப்டியேதான் வந்துகினு கீது."

"மொதல்ல கைய கழுவிட்டு வந்து செய்" என்றேன். தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

லேப் நோட்டில் அவன் எழுதிய நாற்பத்தேழாம் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் 'குப்பை' என்று எழுதினேன்.

ஜூலை 4
ஆள் சரிப்பட மாட்டான் என்று சாரிடம் சொல்லிவிட்டேன். சார் நோட்டைப் பிரிக்கக்கூட இல்லை. அவனைப் பாட்டில் கழுவப் போட்டாயிற்று. நிம்மதி.

ஜூலை 8
அவன் உளறலை ஒரேயடியாக மூட நானே விதை போட்டேன்.

ஆகஸ்ட் 2
என் விதை, என் தட்டு, என் கை. அதே முடிவு.

ஆகஸ்ட் 5
மறுபடியும். அதே.

ஆகஸ்ட் 6
பழைய நோட்டுகளைப் புரட்டினேன். இரண்டு வருடம் முன்பே இந்த ஜீன் மெத்திலோடு வேலை செய்வது என் அளவீட்டிலும் வந்திருக்கிறது. 'அளவீட்டுப் பிழை' என்று நானே தூக்கிப் போட்டிருக்கிறேன். அவன் பார்த்ததை நம்பினான். நான்? இன்னா படிப்பு படிச்ச நீ— த்தூ.

கைய கழுவிட்டு வா. எங்கள் வீட்டில் யாரைப் பார்த்து அப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஆகஸ்ட் 7
பாட்டில் கழுவும் இடத்துக்கே போய்ச் சொன்னேன். "நீங்க பண்ணதுதான் ரைட்டு, ஜெரோம். சார்கிட்டயும் சொல்லிட்டேன்."

குழாயை மூடினார். "அது எனக்குத் தெரியும் மேடம். அன்னிக்கு நீங்க சொன்னது…" அடுத்த பாட்டிலை எடுத்து மறுபடி குழாயைத் திறந்தார்.

லேப் நோட்டில் எதையும் கிழிக்கக் கூடாது, மை பூசி மறைக்கவும் கூடாது. தவறானதை ஒரே கோட்டில் அடித்து, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். நாற்பத்தேழாம் பக்கத்தில் என் சொல்லை அடித்தேன். தெய்வநாயகி, 7.8.

இன்னும் தெளிவாகப் படிக்க முடிகிறது.