கை நீளமான கோட்டு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இருவரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். உன் உடம்பைப் பற்றி நீதான் எழுத வேண்டும். போனில் பேசலாம் என்றால் உன் அப்பா பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

நம் குழுவின் நாடகம் போன சனிக்கிழமை நடந்தது. அதே பழைய சிரிப்பு நாடகம்தான். மகனை வீட்டைவிட்டு விரட்டிய கிழவர், அவன் வேலைக்காரன் வேஷத்தில் திரும்பி வந்தது தெரியாமல் அவனையே கால் அமுக்கச் சொல்வாரே, அது. கிழவர் வழக்கம்போல் அப்பா. நீ போன பிறகு மகன் வேஷத்துக்கு ஆளில்லாமல் மூன்று வருஷம் அதைத் தொடவே இல்லை. இந்தத் தடவை பல் டாக்டர் சம்மதித்தார். தங்கமான மனிதர். ஆனால் ஒத்திகையில் யாராவது வசனம் மறந்து நின்றால் "ஆ காட்டுங்க" என்கிறார்.

சிக்கல் மகன் வேஷத்துக்கு நீ போடுகிற கோட்டில் வந்தது. டாக்டர் உன் தோள் உயரம்கூட இல்லை. கையை மடித்து, இடுப்பைப் பிடித்துத் தைக்கலாம் என்று கத்தரியை எடுத்தேன். அப்பா அதை வாங்கி வைத்துவிட்டார். "அதுல கை வைக்காத. அடுத்த வருஷம் மறுபடி பிரிச்சுத் தைக்கணும்" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வள்ளென்று விழுவார்.

டாக்டர் விரல் நுனிகூடத் தெரியாமல் மேடைக்கு வந்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முதல் காட்சியில் "இனிமே என் முகத்துல முழிக்காத" என்று கிழவர் சொல்ல வேண்டும். ஒத்திகையைப் பாதியில் விட்டு வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறாயே என்று அன்றைக்கு வீட்டில் உன்னிடம் கத்தினாரே, அதே சொல். சனிக்கிழமை அதைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

கடைசிக் காட்சியில் மகன் வேலைக்கார வேஷத்தைக் கலைத்துவிட்டுக் கோட்டோடு வந்து நின்றான். "உள்ள வாடா, சாப்பிட்டுப் பேசலாம்" என்று கூப்பிட வேண்டும். அப்பா வாயைத் திறக்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து நான் இரண்டு தடவை வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். மறந்துவிட்டார் என்று கூட்டம் சிரித்தது. அவர் மறக்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கோட்டுக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டும் கேட்காத குரலில் சொன்னார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் பாவம், அழுதுவிட்டார். எனக்குக் கையிலிருந்த தாளில் எழுத்தே தெரியவில்லை.

நீ போனதில் தப்பில்லை, கண்ணா. எனக்கு அன்றைக்கே அது தெரியும். அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். விரட்டுகிற வசனத்தை வீட்டிலேயே பேசிவிட்டார், கூப்பிடுகிற வசனம்தான் மேடையில்கூட வர மாட்டேன் என்கிறது.

மறுநாள் கோட்டை மடித்து வைக்கப் போனேன். அவரே பிரஷ் போட்டு மாட்டியிருந்தார். "இளைச்சிருப்பானா, தடிச்சிருப்பானா?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்?

தோள், மார்பு, கை அளவு மூன்றையும் எழுதி அனுப்பு. அங்கே அளவெடுக்க ஆளில்லை என்றால் நீயே வந்து நில்லு. டேப்பைத் தையல் மெஷின் மேலேயே வைத்திருக்கிறேன். எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா