‘பாத்துக்கலாம்’ என்பதற்கு மலாயில் என்ன?

அக்கா,

இன்று காலை கூட்ட அறைக் கதவைத் திறந்ததும் கறிபாப் பலகாரத்தின் வாசனை வந்தது. ஏர்கோன் குளிரில் அட்டைப்பெட்டிக்குள் வியர்த்துப் போயிருந்தன. மழைக்காலத்துக்கு முன்பு நடக்கும் அதே கூட்டம்தான். மாநில அரசிலிருந்து ஒருவர், மாவட்ட அலுவலகம், ஆற்றின் இரு கரையிலும் உள்ள இரண்டு ஊராட்சி மன்றங்கள், பொம்பா என்னும் தீயணைப்புத் துறை, போலீஸ், வடிகால் இலாகா. நீங்கள் இருந்திருந்தால் தலைவர் வருவதற்குள் இரண்டு கறிபாப்பை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டிருப்பீர்கள். “இவங்க பேசி முடிக்கறதுக்குள்ள பசி வந்துரும் லா” என்று காரணமும் சொல்வீர்கள். இன்று யாரும் தொடவில்லை. பெட்டியைக் காவலாளிகளிடம் கொடுத்துவிட்டோம்.

நாம் எதிரெதிர் மேசைக்காரர்கள். அந்தக் கரை மன்றத்தின் பேரிடர்ப் பிரிவில் நீங்கள், இந்தக் கரையில் நான். கூட்டத்தில் மலாய் பேசி, ‘புவான்’, ‘துவான்’ என்று மரியாதையாக அழைத்துக்கொண்டே சண்டை போடுவோம். வெளியே வந்து தே தாரிக் குடிக்கும்போது அக்கா, தம்பி. அந்த மேசையில் தமிழர்கள் நாம் இருவர்தான் என்பதால் நாம் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்போம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உங்களோடு பழகியவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

சண்டை எப்போதும் எல்லையைப் பற்றித்தான். ஆற்றோரத் தாழ்வில் இருந்த மலிவு விலை அடுக்குமாடி வீடுகள் எங்கள் எல்லையில் இருந்தன. உயரமான லோரிகளும் மேட்டில் கட்டிய மண்டபமும் உங்களிடம் இருந்தன. தண்ணீருக்கு எல்லை தெரியாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் நெகிழ்ந்து சொல்வார். லோரிக்குத் தெரியும். அதன் காப்புறுதி, எண்ணெய்ச் செலவு, ஓட்டுநரின் ஓவர்டைம் எல்லாம் பாலத்தின் நடுவோடு நின்றுவிடும். இழுத்துப் பறித்து ஒருவழியாக ஒரு விதியை எழுதினோம். உங்கள் லோரி எங்கள் பக்கம் வர, எங்கள் பக்கத்தில் அன்று பணியில் இருக்கும் அதிகாரியின் சம்மதம் வேண்டும். வாய்மொழிச் சம்மதம் போதும். அந்த ‘வாய்மொழி’யை உள்ளே நுழைக்க நீங்கள் பிடித்த பிடிவாதம் எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

வெள்ளம் வந்த சனிக்கிழமை பணியில் இருந்த அதிகாரி நான். தன்னைக் கேட்காமல் எதற்கும் சம்மதம் கொடுக்கக் கூடாது என்று எங்கள் இயக்குநர் முன்பே சொல்லி வைத்திருந்தார். அவர் ஒரு கல்யாண விருந்தில் இருந்தார். போனை எடுக்கவில்லை. அப்போதுதான் நீங்கள் அழைத்தீர்கள்.

“தம்பி, ஃபிளாட்டு கீழ்வீட்டுக்குள்ள தண்ணி ஏறிருச்சாம். லோரி ரெடியா நிக்குது. அனுப்பட்டுமா?”

“டைரக்டர் போன் எடுக்க மாட்டேங்கறாருக்கா.”

“அவர விடு. நீ என்ன சொல்ற?”

“பாத்துக்கலாம்கா.”

“சரி” என்று வைத்துவிட்டீர்கள்.

பொறுங்கள் என்ற பொருளில்தான் சொன்னேன். நான் இயக்குநரின் எண்ணை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தபோது உங்கள் லோரிகள் பாலத்தைத் தாண்டியிருந்தன. கீழ்வீடுகளில் இருந்த அத்தனை பேரையும் மேட்டு மண்டபத்தில் சேர்த்துவிட்டீர்கள். படுக்கையில் கிடந்த ஒரு கிழவரைக் கதவைக் கழற்றி அதில் வைத்துத் தூக்கி வந்ததாகச் சொன்னார்கள். திரும்பும்போது ஒரு லோரி, தண்ணீருக்கடியில் தெரியாமல் இருந்த பெரிய வடிகாலுக்குள் சரிந்தது. ஓட்டுநருக்குத் தோள் எலும்பு முறிந்தது. லோரி தேறவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு விசாரணை வைத்தார்கள். கிழவரைப் பற்றி அதில் பேச்சில்லை. எல்லை தாண்ட யார் சம்மதம் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. யாரும் கொடுக்கவில்லை என்றால் ஓட்டுநரின் தோளும் லோரியும் உங்கள் தலையில் விழும். வேலை போகும், ஓய்வூதியமும் போகும் என்று இரண்டு அலுவலகங்களிலும் பேசிக்கொண்டார்கள்.

விசாரணைக் குழுவின் தலைவர் நல்ல மனிதர், மெதுவாகத்தான் கேட்டார். “லோரி அனுப்பட்டுமா என்று அந்தப் புவான் கேட்டபோது நீங்கள் சொன்ன அதே வார்த்தை என்ன?” சொன்னேன். குறிப்பெடுத்த பெண் எழுத்துக் கூட்டச் சொன்னார். அதையும் செய்தேன். “சரி, இதற்கு மலாயில் என்ன?” என்றார் தலைவர்.

வேலை கேட்டு வந்தவனிடம் ‘பாத்துக்கலாம்’ என்றால் நடையைக் கட்டு என்று பொருள். சாவு வீட்டில் அதையே சொன்னால் கவலைப்படாதே, நாங்கள் இருக்கிறோம் என்று பொருள். ‘தெங்கோக் டூலு’, முதலில் பார்ப்போம் என்று சொல்லியிருந்தால் உங்கள் கதை முடிந்திருக்கும். அதுதான் உண்மையான பொருளும்கூட. நான் ‘கித்தா உருஸ்கான்’ என்றேன். நாம் கவனித்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பில் பிழை கிடையாது, எந்தத் தமிழாசிரியரையும் கேட்கலாம். சம்மதம் தரப்பட்டது என்று எழுதிக்கொண்டார்கள்.

நீங்கள் தப்பித்தீர்கள். கேட்காமல் சம்மதம் கொடுத்ததற்காக எங்கள் இயக்குநர் என்னை நாய் உரிமம் வழங்கும் கவுண்டருக்கு மாற்றினார். வட்டாரத்து நாய்களைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அதில் தேறினேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தருகிறேன் என்று கூப்பிட்டீர்கள். நன்றி சொல்லப் போகிறீர்கள் என்று நினைத்து, அடக்கமாக என்ன பதில் சொல்லலாம் என்று ரயிலிலேயே யோசித்துக்கொண்டு வந்தேன். இரண்டாவது முறை ரசம் ஊற்றும்போது கேட்டீர்கள்.

“நீ அன்னிக்கு வெயிட் பண்ணத்தானே சொன்ன?”

“ஆமாக்கா. உங்களுக்குத்தான் தப்பா வெளங்கிருச்சு.”

“இல்ல தம்பி. எனக்கு நல்லா வெளங்குச்சு.”

என் வாயிலிருந்து வந்த சொல்லைத் தெரிந்தே எடுத்துக்கொண்டு லோரியை அனுப்பியிருக்கிறீர்கள். விசாரணையில் அதை நான் எந்தப் பக்கம் திருப்புவேன் என்று தெரியாமலே அனுப்பியிருக்கிறீர்கள்.

“வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன். நீ சொல்லல லா” என்றீர்கள்.

எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபமல்ல. மோர் வரும்வரை கூட நான் உட்காரவில்லை. பல மாதங்கள் உங்கள் அழைப்பை எடுக்கவும் இல்லை.

பிறகு ஒருநாள் என் கவுண்டருக்கு முன்னால் எண் சீட்டோடு நின்றீர்கள். நாய்க்கு லைசென்ஸ் வேண்டும் என்றீர்கள்.

“நாய் எங்கக்கா?”

“இன்னும் வாங்கல.”

“நீங்க அந்தக் கரை. இங்க குடுக்க முடியாது. உங்க மன்றத்துலதான் எடுக்கணும்.”

“அப்ப அவங்க சம்மதம் வாங்கிட்டு வரட்டுமா?”

பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அன்று மதியம் நீங்கள்தான் மோருக்கும் காசு கொடுத்தீர்கள்.

புது இயக்குநர் வந்து என்னைப் பழைய பிரிவுக்கு அழைத்துக்கொண்டபோது நீங்கள் ஓய்வு பெற்றிருந்தீர்கள். நோயைப் பற்றி எனக்குச் சொல்லவில்லை. சாவுச் செய்தி கேட்டு வந்து, பண்டமாரானில் உங்கள் வீட்டு வாசலில் குவிந்திருந்த செருப்புகளைப் பார்த்த பிறகுதான் எல்லாம் தெரிந்தது. தோள் எலும்பு முறிந்த ஓட்டுநர் வந்திருந்தார். அந்தத் தோளைக் கொடுத்துத்தான் உங்களைத் தூக்கினார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. நான் அழுதேன். வருத்தத்தோடு கொஞ்சம் கோபமும் அதில் இருந்தது.

போன மாதம் மறுபடி மழை. உங்கள் நாற்காலியில் இப்போது இருக்கும் பெண் அழைத்தாள். ஆறு கரையைத் தொட்டுவிட்டது, லோரி அனுப்பட்டுமா சார் என்றாள். புது இயக்குநரும் போனை எடுக்கவில்லை. இயக்குநர்கள் மாறினாலும் இது மாறுவதில்லை. என் வாயில் பழைய சொல்தான் முதலில் வந்து நின்றது. விழுங்கினேன்.

“அனுப்பும்மா. நான்தான் சொன்னேன்னு எழுதிக்க” என்றேன்.

தண்ணீர் ஏறவில்லை. லோரிகள் வெறுமனே வந்து வெறுமனே போயின. அடுக்குமாடிக்காரர்கள் பால்கனியிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். மறுநாள் விளக்கம் கேட்டு இயக்குநர் கூப்பிட்டார். அறைக்கு வெளியே உட்கார வைத்தார்கள். உள்ளங்கை வியர்த்தது. கால்சட்டையில் துடைத்தேன், மறுபடி வியர்த்தது. விசாரணை நாளன்று நீங்களும் இப்படி ஒரு வெளி நாற்காலியில்தான் இருந்தீர்கள், நான் உங்களைத் தாண்டித்தான் உள்ளே போனேன். சாப்பிட்டியா தம்பி என்று கேட்டீர்கள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. எவ்வளவு பயந்திருப்பீர்கள் அக்கா.